ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாவது

நவம்பரில் கெமியார்வியில்
மூன்று மணிக்கே இரவு.
பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டு
பூட்ஸைக் கழற்றி மேசைமுன் உட்கார்ந்தால்
திரைக்குள் எப்போதும் ஜூன் மாதம்,
எப்போதும் நண்பகல்.
வெட்டிய புல், ஒரு சிவப்புக் களஞ்சியம்,
எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும்
முகத்தை மட்டுமே காட்டும் அட்டை மரங்கள்.

விமானம் வாங்கத்தான் ரொவானியெமிக்குப் போனேன்.
கடைக்காரன் ரௌனோ, என் மகன் வயதுகூட இல்லை,
பெட்டியோடு ஒரு வயரையும் சேர்த்துக் கொடுத்தான்.
"ஏப்ரல்வரை பெட்டியைப் பிரிக்காதே.
விழவேண்டியதையெல்லாம் கணினியில் விழுந்து தீர்."

தீர்வதாயில்லை.
முதல் வாரம் களஞ்சியத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.
இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்.
ஸ்பேஸ்பாரைத் தட்டினால்
கீறலில்லாமல் காலடியில் வந்து நிற்கும்.
திரையின் மூலையில் எண் மட்டும் ஒன்று கூடும்.
மோட்டார் இரைச்சலுக்கு முதல் நாள் குரைத்த ராய்க்கு
மூன்றாம் நாள்
மேசைக்கடியில் குறட்டை விட்டது.

இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டிய கை இது.
பனிக்கட்டியில் பின்சக்கரம் வழுக்கினால்
நான் நினைக்குமுன் அது திருப்பிவிடும்.
அந்தக் கைதான் இங்கே காலை வாரியது.
விலகிப் போகிறவரை விமானம் சொன்னபடி கேட்கும்.
வளைந்து என்னை நோக்கி வந்தால்
என் வலம் அதற்கு இடம்.
கண்ணாடி பார்த்துத் தன் முடியைத் தானே வெட்டுகிறவள்
காதை நறுக்கிக்கொள்வாளே, அப்படி.

ரௌனோவை அழைத்தேன்.
வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னான்:
"வலம் இடத்தை விடு.
எந்த இறக்கை தாழ்கிறதோ
அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளி
முட்டுக்கொடு."

முட்டுக்கொடுத்தேன். டிசம்பர் முழுக்க.
ஜனவரியில் மைனஸ் முப்பத்தொன்று, பள்ளி விடுமுறை,
பகலெல்லாம் முட்டுக்கொடுத்தேன்.
பேருந்தின் கண்ணாடியைப் பார்த்து
வலப்பக்கப் பையன் எஸ்கோ செய்த குறும்புக்கு
இடப்பக்கச் சிறுமியைத் திட்டினேன் ஒருநாள்.
அவள் அழுதாள். மறுநாள் ஒரு சாக்லேட் கொடுத்தேன்.

மார்ச் கடைசியில் எண்
ஆயிரத்து நூற்று நாற்பத்தாறில் நின்றது.
ஒன்பது நாள் நகரவேயில்லை.

ஏப்ரல். ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது.
பெட்டியைப் பிரித்தேன்:
மஞ்சள் இறக்கை, தெர்மாக்கோல் உடம்பு,
கையில் ஒரு ரொட்டியின் கனம்.
வீசினேன். ஏறிற்று.
ஏறிக்கொண்டே போயிற்று.
பனியும் வெள்ளை, வானமும் வெள்ளை,
நடுவே ஒரு புள்ளி.
வருகிறதா போகிறதா?
திரையில் இப்படி ஒரு கேள்வி வந்ததேயில்லை,
அங்கே பெரிதாக்கிப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு.

கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தேன்.
புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது.
வருகிறது.
தாழ்ந்த இறக்கையின் கீழ் கட்டைவிரலை வைத்தேன்.
நிமிர்ந்து என் தலைக்கு மேலாகக் கடந்தபோது
தொப்பிக்குள் காது அதிர்ந்தது.
"ஏய்" என்று கத்தினேன், யாரிடமோ.

இறக்கும்போதுதான்.
நிழல் விழாத பனியில்
தரை எங்கே தொடங்குகிறதென்று தெரியவில்லை.
மூக்கு புதைந்தது, வால் எழுந்தது,
பிறகு சத்தமில்லை.
என் சுண்டுவிரல் தானாகப் போய்
கோட்டின் கீழ்ப்பொத்தானை அழுத்தியது.
இன்னொரு முறையும் அழுத்தியது.

ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு முறை விழுந்திருக்கிறேன்,
ஒருமுறைகூட
நடந்துபோய் எடுத்ததில்லை.

முழங்கால்வரை உள்வாங்கும் பனி.
இருநூறு அடி வைத்திருப்பேன்,
மூச்சு வாங்க நின்றேன்.
தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது.
வருகிறதா போகிறதா என்று
ஒரு கணம்தான்.
ராய்க்கு. வாயில் மஞ்சள்.